ஹெபடைடிஸ் சி மாத்திரையை உடம்பு தாங்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 54, பள்ளி ஆசிரியை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரியவந்திருக்கிறது. 1995இல் இரண்டாவது பிரசவம் முடிந்ததும் ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை 12 வாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இணையத்தில் தேடினால் முடி கொட்டும், குளிர்காய்ச்சல் வரும், மனச்சோர்வில் தள்ளிவிடும் என்று வருகிறது. தை மாதம் மகள் கல்யாணம். மூன்று மாதம் விடுப்பு போட வேண்டுமா, கல்யாணம் முடிந்து ஆரம்பிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கேட்டது விடுப்பைப் பற்றித்தான். ஆனால் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது வேறு இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: இதை என் உடம்பு தாங்குமா, சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் முடியுமா.

நான் மருத்துவர் அல்ல. கல்லீரல் பிரிவில் 21 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஊசிக் காலத்தையும் பார்த்தேன், இப்போது மாத்திரைக் காலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனவே பக்கவிளைவு பற்றியும் சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் பற்றியும் என்னால் தைரியமாகப் பேச முடியும். உங்கள் மருந்தை மாற்றுவது, நிறுத்துவது போன்ற முடிவுகளை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் படித்துப் பயந்தது பொய்யில்லை, பழைய கதை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நோய்க்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. 24 வாரம், சிலருக்கு 48 வாரம். ஊசி போட்ட அன்று மாலையே நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஊசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வருவார்கள். ஊசி போட்டபின், காய்ச்சல் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று அவசரமாகக் கிளம்புவார்கள். தலையணையில் முடி கிடக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நான்காம் மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பட்டும் ஒன்றாம் வகை வைரஸ் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் குணமாவது நிச்சயமில்லை. இணையத்தில் இன்றும் கிடக்கும் அனுபவக் குறிப்புகளில் பெரும்பகுதி அந்தக் காலத்து ஆட்கள் எழுதியவை.

சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர் என்று அப்போது உலகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்ததால் நம் ஊரில் அந்த விலை தலைகீழானது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, அரசு சிகிச்சை மையங்களில் இந்த மருந்துகளை இலவசமாகவே தருகிறார்கள். தனியாரில் காசு கட்டித்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இப்போது பக்கவிளைவு. உங்களுக்கு எழுதியிருக்கும் இதே மாத்திரையை 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 624 பேருக்குக் கொடுத்தார்கள். 116 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. தன் கையில் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்குத் தலைவலி. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம். உடல் அசதி இரண்டு பக்கமும் 20 சதவீதம். குமட்டல் மருந்துப் பக்கம் 12 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 11. மருந்து எடுத்தவர்களில் 99 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விட்டது. இந்தக் கணக்கை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். அப்போது சிலர், "அப்படியானால் எனக்கு வருகிற தலைவலி பொய் என்கிறீர்களா?" என்று முகம் சுளிப்பார்கள். தலைவலி பொய்யில்லை. ஆனால் அதில் எவ்வளவு மாத்திரையால் வந்தது, எவ்வளவு பதற்றத்தாலும் தூக்கக் குறைவாலும் காலை உணவைத் தள்ளிப்போட்டதாலும் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முடி கொட்டுவது, குளிர்காய்ச்சல், ஊசிக்காலத்து மனச்சோர்வு ஆகியவை இந்த மாத்திரையின் குணங்கள் அல்ல. விடுப்பு தேவையில்லை. பாடம் நடத்திக்கொண்டே முடித்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

உண்மையில் இந்தச் சிகிச்சையில் கஷ்டமான பகுதி மாத்திரை சாப்பிடும் 84 நாட்கள் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான். அந்த இரண்டு வாரத்தில் அவசரப்பட்டவர்களுக்கு வந்த தொல்லைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனையும் உங்களுக்கு செய்திருக்கிறார்கள், எட்டு லட்சம் என்று வந்திருக்கிறது. நல்லது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுப்பது எதிர்ப்பொருள் பரிசோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுவது. அது பாசிட்டிவாக இருந்தாலும், நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு வைரஸ் மருந்தில்லாமலேயே போயிருக்கும். ஆர்.என்.ஏ. பார்க்காமல் மாத்திரை தொடங்கக் கூடாது என்பது அதனால்தான். எட்டு லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த எண் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டாது. இருபதாயிரம் இருப்பவருக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கலாம், ஐம்பது லட்சம் இருப்பவருக்குப் பஞ்சு போலிருக்கலாம்.

கல்லீரலின் நிலையை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் இருக்கும் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் இரண்டு நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 64, எஸ்.ஜி.பி.டி. 81, ரத்தத் தட்டணுக்கள் 1,60,000. கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று மதிப்பிட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும்: 54 பெருக்கல் 64, 3456. தட்டணுவை ஆயிரக் கணக்கில் 160 என்று எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமான 9ஆல் பெருக்கினால் 1440. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.4. இது 1.45க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இல்லை என்று பெரும்பாலும் நிம்மதி அடையலாம். 3.25க்கு மேலே போனால், தழும்பு முற்றிக் கல்லீரல் சுருங்கிய நிலை, அதாவது சுருக்கம் (சிரோசிஸ்) இருப்பதாக எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். இந்த இடத்தில் யாராலும் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஃபைப்ராஸ்கேன் எடுத்துவிட்டீர்களா என்பதுதான் உங்களிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி. வலியில்லாத பரிசோதனை, வயிற்றில் மூன்று மணி நேரம் எதுவும் இல்லாமல் போனால் போதும். கல்லீரலின் இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். 12.5ஐத் தாண்டினால் சுருக்கம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். கூடவே வயிற்று ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அல்புமின், ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனைகள். சுருக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் எந்த மருந்து, ரிபாவிரின் சேர்க்க வேண்டுமா, முழங்கால் அறுவை சிகிச்சையை எப்போது வைத்துக்கொள்வது, குணமான பிறகும் கண்காணிப்பு வேண்டுமா எல்லாம் தீர்மானமாகும்.

ஹெபடைடிஸ் பி பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். பி, சி இரண்டும் உள்ள ஒருவருக்கு சி வைரஸை விரட்டும்போது, அதுவரை அடங்கிக் கிடந்த பி தலை தூக்கலாம். கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தவர்களும் உண்டு. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது இதற்காகத்தான். ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடக்கூடிய விஷயம்.

அடுத்தது நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள். இதைத்தான் மிக நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில்தான் எனக்குக் கவலை. "காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை, பல வருடமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். பேன்டோப்ரசோலாக இருக்கும். நம் ஊரில் காபிக்கு முன் இதைப் போடுவது பல் துலக்குவது போலாகிவிட்டது. அது ஒரு மருந்து என்றே யாருக்கும் நினைவிருப்பதில்லை. மருத்துவர் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் என்று சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். வெல்படாஸ்விர் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டு அதன்மேல் இந்த மாத்திரையைப் போட்டால் மருந்தில் ஒரு பகுதி வீணாகிறது. இந்த வகை கேஸ் மாத்திரையோடு வெல்படாஸ்விரைச் சேர்க்க வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. தவிர்க்கவே முடியாவிட்டால், வெல்படாஸ்விரை உணவோடு எடுத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் கழித்து, கேஸ் மாத்திரையை 20 மில்லிகிராம் ஒமெப்ரசோல் (அதே வகை மருந்து) அளவுக்கு மிகாமல் எடுக்கலாம். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கேஸ் மாத்திரை உங்களுக்கு உண்மையிலேயே தேவைதானா என்று மருத்துவரிடம் இந்தச் சாக்கில் கேட்டுவிடுங்கள். பாதிப் பேருக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், சும்மா சொல்லி வைக்கிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது: சுருக்கம் இல்லாதவர்களுக்கு அரசுத் திட்டத்தில் தரப்படும் சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் ஜோடிக்கு இந்த அமிலத் தொல்லை கிடையாது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் குறையும்போது சிலருக்குச் சர்க்கரையும் இறங்குகிறது. கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்குத் திடீரென்று கைநடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் வரலாம். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வீட்டிலேயே சர்க்கரை பாருங்கள். இந்த இறக்கம் நிலைக்குமா, சில மாதத்தில் பழையபடி ஏறிவிடுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே சர்க்கரையும் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், படிக்கும் மற்றவர்களுக்காக: இதயத்துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் சோஃபோஸ்புவிர் சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமஸெபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையே பலிக்காது. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவர்கள் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு முன்பு தயங்கினார்கள், இப்போது தைரியமாகக் கொடுக்கிறார்கள்.

முழங்கால் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை ஃபைப்ராஸ்கேன் முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். சுருக்கம் இருந்தால் அவை சிறுநீரகத்தையும் குடலையும் பதம் பார்த்துவிடும். பாராசிட்டமால் கல்லீரலுக்கு விஷம் என்று பயந்து அதை விட்டுவிட்டு இவற்றைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் போகாமல் இருந்தால், கல்லீரல் நோயாளிக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான் பத்திரமானது.

கீழாநெல்லி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளியாகி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது உண்மைதான். ஆனால் அது ஹெபடைடிஸ் பி பற்றியது. பிற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவும் இல்லை. இந்த மாத்திரையோடு கீழாநெல்லி சேர்ந்தால் என்ன ஆகும் என்று நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. பெயர் ஒட்டாத சூரணம், லேகியம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு வாரம் அவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள். இடையில் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் காரணம் எதுவென்று தெரியாமல் எல்லோரும் முழிக்க வேண்டியிருக்கும். பத்தியம் என்று உப்பில்லாத கஞ்சியும் எண்ணெய் இல்லாத இட்லியும் சாப்பிட்டு ஆறு கிலோ இளைத்து வந்த ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. மாத்திரை தளர்த்திவிட்டது என்றார். பட்டினிதான் தளர்த்தியது. பருப்பு, முட்டை, மீன், மோர், காய்கறி எல்லாம் சாப்பிடலாம். சமையல் மஞ்சளுக்குத் தடையில்லை. காபி கல்லீரலுக்கு நல்லது என்றே தெரிகிறது. காலில் நீரோ வயிற்றில் நீரோ இருப்பவர்கள் மட்டும் உப்பைக் குறைக்க வேண்டும்.

மாத்திரை தொடங்கிய பிறகு சொல்ல அதிகம் இல்லை. பாட்டிலில் 28 இருக்கும், மொத்தம் மூன்று பாட்டில். பாட்டிலில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருக்கும், அதைத் தூக்கி எறியாதீர்கள். மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போடாமல் பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். தூக்கம் கெட்டால் காலை உணவோடு, பகலில் குமட்டினால் இரவு உணவோடு. தலைவலி பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வந்து அடங்கிவிடும். தண்ணீர், வேளாவேளைக்குச் சாப்பாடு, தாங்காவிட்டால் ஒரு பாராசிட்டமால். மதியம் அசதியாக இருந்தால் அரை மணி நேரம் படுங்கள், நாள் முழுக்கப் படுக்காதீர்கள். படுக்கப் படுக்க அசதி கூடும். ஒருநாள் மறந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்கு வழக்கம்போல் ஒன்று, இரண்டாகப் போடக் கூடாது. போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. கடைசி வாரம் வருவதற்குள் அடுத்த பாட்டில் கையில் இருக்கட்டும், கல்யாண வேலையில் இதுதான் தவறிப்போகும்.

இரண்டாவது பாட்டில் முடிந்ததும் தானாகவே ஆர்.என்.ஏ. பார்த்து, "வைரஸ் இல்லை" என்று வந்ததும் மூன்றாவது பாட்டிலைத் தொடாமல் விட்ட ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். சில மாதத்தில் வைரஸ் திரும்பி வந்தது. இடையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவது எல்லோருக்கும் நடப்பது. அது முடிவல்ல.

ரிபாவிரினும் சேர்த்து எழுதினால் மட்டும் கதை கொஞ்சம் மாறும். வயிற்றில் நீர் கோர்க்கும் அளவுக்குப் போன சுருக்கத்துக்குத்தான் பொதுவாகச் சேர்ப்பார்கள். முதல் நான்கு வாரத்தில் ரத்தசோகை வரும், படி ஏறினால் மூச்சு வாங்கும், அரிப்பு இருக்கும். ஹீமோகுளோபின் அடிக்கடி பார்ப்பார்கள். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், எடுப்பது ஆணோ பெண்ணோ, சிகிச்சையின்போதும் அது முடிந்து குறைந்தது ஆறு மாதமும் கர்ப்பம் தவிர்க்க வேண்டும்.

எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டும் என்றால்: கண் மஞ்சளாவது, ரத்த வாந்தி, தார் போன்ற மலம், பேச்சுக் குழறுவது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, வயிறு அல்லது கால் வீங்குவது, மயக்கத்தோடு நாடி மெதுவாவது. இவை சாதாரணப் பக்கவிளைவுகள் அல்ல.

கல்யாணத்துக்காகத் தள்ளிப்போடலாமா? சுருக்கம் இல்லையென்றால் ஓரிரு மாதத்தில் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் தள்ளிப்போட்டால் என்ன லாபம் என்றும் எனக்குப் புரியவில்லை. சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே டம்ளர் எதிலும் இது பரவாது. ரத்தம்தான் வழி. பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ரேசர் தனியாக இருந்தால் போதும். வீட்டில் கணவரும் பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக இப்போதே பதற வேண்டாம்: ரத்தம் ஏற்றியது பிரசவத்துக்குப் பிறகு என்கிறீர்கள், அதில்தான் வந்தது என்றால் மகள் பிறந்தபோது உங்களிடம் வைரஸே இல்லை. தாய்ப்பாலிலும் பரவாது. இந்தியாவில் தானம் பெறும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். 1995இல் உங்களுக்கு ரத்தம் ஏற்றியவர்கள் உங்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அன்று கட்டாயமாக இல்லை. குற்றம் உங்களுடையதும் இல்லை.

குணமான பிறகு அசதி போய்விடுமா என்றால், சிலர் இருபது வருட பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருக்கிறது என்கிறார்கள். சிலருக்கு ஒரு மாற்றமும் தெரிவதில்லை. முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதில் வைரஸ் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று பொருள். சுருக்கம் இருந்தவர்கள் மட்டும் அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வைரஸ் இல்லை என்று வந்த ஆர்.என்.ஏ. அறிக்கையை இரண்டு நகல் எடுத்து வையுங்கள். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மறுபடி போய்ப் படுக்கும்போது எதிர்ப்பொருள் பரிசோதனை திரும்பவும் பாசிட்டிவ் என்றுதான் வரும், ஆயுளுக்கும் வரும். ஆய்வகத்துப் பையன் முகம் மாறும்போது அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுங்கள்.